படாத உதை

அந்த அக்காவின் பேரை நான் எழுதப்போவதில்லை. மறந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். என் கையால் அந்தப் பேரை எழுத எனக்கு யோக்கியதை இல்லை, அவ்வளவுதான். லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் அவர் ஆயாவாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் பதுளைக்குக் கராத்தே பழக வருவார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அவருக்கு முப்பது, முப்பத்தொன்று இருக்கும்.

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய வலது காலில் இருந்துதான் தொடங்க வேண்டும். நான் வகுப்பில் சேர்ந்த மூன்றாவது மாதம், சேர் எங்கள் இருவரையும் எதிரெதிரே நிறுத்தினார். சேர் என்றால் எங்கள் மாஸ்டர். கிழமை நாட்களில் கந்தோரில் கிளார்க், ஞாயிறானால் மண்டபத்தில் கறுப்புப் பட்டி. நான் கைகளை உயர்த்திக்கொண்டு ஆயத்தமாக நின்றேன். எதிரே இருந்தவர் சும்மாதான் நின்றார். திடீரென்று என் இடது காதோரத்து மயிர் பறந்தது. கண்ணைத் திருப்பிப் பார்த்தால் அவருடைய புறங்கால் என் கன்னத்தருகே நிற்கிறது. நடுவே ஒரு விரல் நுழையாது. ஒற்றைக் காலில் நின்றபடி, மற்றக் காலை இறக்காமலே கேட்டார்:

"காத்து பட்டிச்சா தங்கச்சி?"

"ப... பட்டிச்சி."

"அப்ப சரி."

காலை இறக்கி, குனிந்து வணங்கி, அடுத்த ஆளிடம் போய்விட்டார். நான் அங்கேயே மரம் மாதிரி நின்றேன். அன்றைக்கு எனக்கு வந்தது மரியாதை என்று சொல்ல ஆசைதான். வந்தது எரிச்சல்.

விளையாட்டுச் சட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வகை கராத்தேயில் தலைக்குப் போகும் உதைக்கு மூன்று புள்ளி. ஆனால் ஓங்கி உதைக்கக் கூடாது. முழு வேகத்தில் போய், தோலுக்குக் கிட்டே நிறுத்த வேண்டும். பட்டும் படாமலும் தொட்டால் மன்னிப்பார்கள். பலமாகப் பட்டால் எச்சரிக்கை. எதிராளி காயப்பட்டால் உதைத்தவர் வெளியே போக வேண்டும், காயப்பட்டவருக்கு வெற்றி. பதுளை பஜாரில் ஒரு மேல்மாடியில் வேறொரு வகுப்பும் நடந்தது. அங்கே எல்லாம் நேரடி. உதைத்தால் பட வேண்டும், விழுந்தவன் எழும்பாவிட்டால் வெற்றி. அந்தப் பையன்கள் எங்களைக் கண்டால் "டான்ஸ் கிளாஸ் முடிஞ்சிதா?" என்று கேட்பார்கள். எனக்கு மானமே போய்விடும். ஒரு நாள் அக்காவிடமே கேட்டுவிட்டேன்.

"படாத ஒதை ஒரு ஒதையாக்கா? ஒங்க ஒதை யாருக்காச்சும் வலிச்சிருக்கா?"

அக்கா சிரித்தார். பிளேன்டீயை ஊதிக் குடித்துக்கொண்டு சொன்னார்: "ஒதைக்கிறதுக்கு என்னா தங்கச்சி, மாடுகூட ஒதைக்கும். போற காலப் புடிச்சி நிப்பாட்டுறதுதான் கஷ்டம். காத்து படணும், காலு படக் கூடாது."

"சண்டையில அப்படியெல்லாம் பார்க்க ஏலுமா?"

"சண்டையிலதான் பார்க்கணும்."

வாயை மூடிக்கொண்டேன். உள்ளுக்குள் மூடவில்லை.

அவருடைய கராத்தே உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதை வைத்து எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன். கடையில் வாங்கியது இல்லை. தோட்டத்துத் தையல்காரர் வெள்ளைத் துணியில் தைத்துக் கொடுத்தது. அந்த மனுசன் கராத்தே உடுப்பைக் கண்ணால் கண்டதில்லை போலிருக்கிறது. கழுத்துக்குச் சேர்ட்டு கொலர் வைத்துவிட்டார். பிரித்துத் தைக்கச் சொல்ல அக்காவுக்கு மனம் வரவில்லை. "பாவம், ஆசையா வச்சிட்டாரு" என்றார். பதுளைப் பிள்ளைகள் நாங்கள் பின்னால் நின்று "கொலர் அக்கா" என்போம். பேர் வைத்தவள் நான்தான்.

ஒரு ஞாயிறு வகுப்பு முடிந்து அவரோடு தோட்டத்துக்குப் போனேன். பதுளை பஸ் ஸ்டாண்டில் லுணுகலை பஸ்ஸுக்கு நெருக்கடி. ஏறும் அவசரத்தில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு ஆள் உரசிக்கொண்டே இருந்தான். தள்ளி நின்றேன், அவனும் தள்ளி வந்தான். வாய் நிறைய வெற்றிலை. நான் கத்துவதற்குள் அக்கா தன் பையை என் கையில் திணித்தார். அடுத்த கணம் அவருடைய செருப்புக் கால் அந்த ஆளின் மூக்குக்கு முன்னால் நின்றது. சுரிதார் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில், அத்தனை சனத்துக்கு நடுவில்! அவன் வாய் தானாகத் திறந்து வெற்றிலைச் சாறு தாடையில் வழிந்து வெள்ளைச் சேர்ட்டெல்லாம் ஆனது. பார்த்துக்கொண்டிருந்த பழக்கடைக்காரர்கள் கைதட்டினார்கள்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பொம்பளப் புள்ளைங்க ஏறட்டும்" என்றார் அக்கா, காலை இறக்கிவிட்டு. அவன் அந்த பஸ்ஸில் ஏறவே இல்லை.

எனக்கு ஆத்திரம் தீரவில்லை. "மூக்க ஒடைச்சிருக்கணும்கா அவனுக்கு!"

"ஒடைச்சா அந்தக் கோவத்த எங்க கொண்டு போவான்? வீட்டுக்குத்தான். அவன் பொண்டாட்டி அடி வாங்குவா." ஜன்னலோரம் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தார். "பயந்தவன் பேசாம போயிருவான்."

பசறை வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப இதையே யோசித்துக்கொண்டு போனேன். எதுவும் ஒப்பவில்லை எனக்கு. தைரியமில்லாததற்கு ஞாயம் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அவருக்கா தைரியமில்லை! எனக்கு அப்போது தைரியம் என்றால் சத்தம் என்று நினைப்பு.

பிள்ளைக் காம்பரா முற்றத்தில் குழந்தைத் துணிகள் காயப்போடும் கயிறு கட்டியிருந்தது. ஞாயிறு துணி இல்லாததால் அக்கா அதில் வரிசையாகப் பட்டம் கட்டும் மெல்லிய தாள்களைத் தொங்கவிட்டிருந்தார். தொழிலாளர் லயத்து வரிசை வீடுகளின் பெண்பிள்ளைகள் பதினொரு பேர், எல்லாருக்கும் பத்து வயதிலிருந்து பதின்மூன்று வரை, அந்தத் தாளுக்கு முன்னால் நின்று உதைத்தார்கள். தாள் ஆட வேண்டும், கிழியக் கூடாது. கிழித்தவள் அடுத்த ஞாயிறு புதுத் தாள் ஒட்டி வர வேண்டும். நானும் உதைத்துப் பார்த்தேன். மூன்று தாளைக் கிழித்தேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இதெல்லாம் சும்மா விளையாட்டு. முறையான வகுப்பாக நடத்த அக்காவுக்கு ஆசை. எல்லா ஆசையும் அந்த ஒன்றுதான். தோட்டத்தை நடத்தும் துரை சம்மதித்துவிட்டார். சேரும், மாகாணப் போட்டி முடிந்ததும் கறுப்புப் பட்டிப் பரீட்சை வைத்து, பழக்கலாம் என்று கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். மிச்சம் இருந்தது தாய்மார்தான். அன்று பின்னேரம் தோட்டத் தலைவர் அவர்களைக் கூட்டி வைத்திருந்தார். நானும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு அம்மா நேராகவே கேட்டுவிட்டார்: "பொட்டப் புள்ள மூஞ்சில தழும்பு விழுந்தா யாரு வந்து கட்டுவா? நீ கட்டி வைப்பியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

"ஒங்க புள்ளைங்க எல்லாத்தையும் நான் கைக்கொழந்தையில இருந்து தூக்குனவ. ஒண்ணு கீழ விழுந்திருக்கா? சொல்லுங்க." ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "என் காலு இது வரைக்கும் யாரு மேலயும் பட்டதில்ல. ஒரு ஆளு மேல பட்டிச்சின்னு நீங்க கேள்விப்பட்டா, அன்னைக்கே இத விட்டுருவேன். புள்ளைங்கள நான் தொட மாட்டேன். இது வாக்கு."

அந்த அம்மா தலைவரைப் பார்த்தார். தலைவர், "பொறகென்னா? வாக்கே குடுத்திருச்சே" என்றார். கூட்டம் கலைந்தது. திரும்பி வரும்போது அக்கா எனக்குத் தோடம்பழம் உரித்துத் தந்து, "போட்டி முடியட்டும் தங்கச்சி, நீயும் மாசத்துக்கு ஒரு தடவ வந்து சொல்லிக் குடு" என்றார். வருகிறேன் என்று தலையாட்டினேன். நன்றாகத் தலையாட்டத் தெரிந்தவள் நான்.

போட்டி பதுளையில் நடந்தது. இறுதிச் சுற்றுக்கு வரும் இருவரும் கொழும்புப் போட்டிக்குப் போகலாம். அரையிறுதியில் எனக்கு எதிரே யார் என்று பார்த்தால், அக்கா. என் அப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். கூடவே பக்கத்துக் கடைக்காரர்கள் நாலைந்து பேரையும் கூட்டி வந்திருந்தார். "தோட்டத்துப் புள்ளதானே, ஊதித் தள்ளிருவா" என்று அவர் அவர்களிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. எனக்கு அது பெருமையாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஊதித் தள்ளியது யார் என்று கேளுங்கள். ஒரு நிமிஷத்தில் அக்கா ஐந்து புள்ளி, நான் இரண்டு. கொலர் வைத்த அந்த உடுப்பு என் முன்னால் போவதும் வருவதுமாக இருந்தது, எனக்கு எதுவும் பிடிபடவில்லை. கடைசி இருபது செக்கனில் கண்மூடித்தனமாகப் பாய்ந்தேன். கால் வந்தது.

அது நின்றது. இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சொல்வேன். கன்னத்தில் காற்று பட்டது. கண்ணோரத்தில் அவருடைய பெருவிரல் நகம்கூடத் தெரிந்தது. கால் பட்டிருந்தால் அந்த நகத்தைப் பார்த்திருக்க முடியாது. நான்தான் பயந்து பின்னால் துள்ளினேன். பாய் வழுக்கி மல்லாக்க விழுந்தேன். விழுந்த வேகத்தில் என் பல்லே என் உதட்டில் இறங்கியது. அது சின்னப் போட்டி. வாய்க்கு ரப்பர் கவசம் போட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வாயெல்லாம் இரத்தம்.

"யமே!" என்று நடுவர் கத்தினார். நிறுத்து என்று அர்த்தம்.

இந்த இடத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் காயப்பட்டு விழுந்தால் எதிராளி கிட்டே வரக் கூடாது, பார்க்கவும் கூடாது. தன் எல்லைக்குப் போய், முதுகைக் காட்டி மண்டியிட்டு உட்கார வேண்டும். அக்கா அப்படித்தான் போய் உட்கார்ந்தார். எனக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. எனக்கு அவருடைய முதுகும், மடித்து வைத்த இரண்டு உள்ளங்கால்களும் தெரிந்தன.

மூலை நடுவர்களில் ஒருவர் பட்டது என்றார். இன்னொருவர் கையை அசைத்து, படவில்லை என்றார். நடு நடுவர் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சிங்களத்தில் கேட்டார்: "கால் முகத்தில் பட்டதா மகள்?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று.

பயத்தில் ஆட்டினேன், வலியில் ஆட்டினேன், கேள்வி விளங்காமல் ஆட்டினேன் என்று பல வருஷம் எனக்கு நானே கதை சொன்னேன். எல்லாம் பொய். சிங்களம் எனக்கு நன்றாகவே விளங்கும். ஆட்டினால் என்ன நடக்கும் என்று தெரியும். அப்பா எங்கே நிற்கிறார் என்பதும் தெரியும். தெரிந்தேதான் ஆட்டினேன். சீ!

நடுவர் அக்காவை எழுப்பி, முகத்துக்கு நேரே விரலை நீட்டி, வெளியே என்று காட்டினார். அக்கா குனிந்து வணங்கினார். வணங்கிவிட்டு நிமிராமல் தன் வலது காலையே பார்த்துக்கொண்டு நின்றார். இரத்தம் இருக்கிறதா என்று தேடினார் என்று நினைக்கிறேன்.

மண்டபத்துக்கு வெளியே குழாயடியில் நான் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது ஓடி வந்தார். கையில் ஒரு ஐஸ்பழம். தாளை உரித்து என் உதட்டில் அவரே வைத்துப் பிடித்தார்.

"எப்புடி பட்டிச்சின்னே வெளங்கல தங்கச்சி. கால்ல எனக்குத் தெரியவே இல்ல. நின்னிச்சின்னுதான் நெனச்சேன். ஐயோ, பல்லு ஆடுதா? காட்டு."

சொல்லியிருக்கலாம். அங்கே யாரும் இல்லை. அப்பாகூட இல்லை. நின்றதக்கா, உங்கள் கால் நின்றது, நான்தான் நாய் என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பரவாயில்லக்கா. நீங்க வேணும்னு செய்யலதானே."

நான் அவரை மன்னித்தேன்! அவர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். ஐஸ்பழம் உருகி என் உடுப்பில் வழிந்தது. தலையாட்டியதையாவது ஒரு கணத்துப் புத்தி என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த மன்னிப்பை எந்தக் கணக்கில் வைப்பது?

கொழும்பில் முதல் சுற்றிலேயே தோற்றேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அடுத்த ஞாயிறு அக்கா வகுப்புக்கு வந்தார். சேர் எங்களைச் சோடி சேர்த்தார். அக்கா காலைத் தூக்கினார். அது என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. "தூரம்!" என்றார் சேர். மறுபடி தூக்கினார். இடுப்புக்கு மேலே போகவே இல்லை. "என்னா புள்ள இது, ஈ ஓட்டுறியா?" என்று சேர் அதட்டினார். அக்கா காலை இறக்கிக்கொண்டார். அன்று முழுக்க ஒரு தடவைகூடக் காத்து பட்டிச்சா என்று என்னிடம் கேட்கவில்லை.

இரண்டு கிழமை கழித்துத் தன் மண்ணிறப் பட்டியை மடித்துக்கொண்டு வந்து சேரின் கையில் கொடுத்தார். சேர் பதறிவிட்டார். "ஒரு தடவ படாத ஆளு இந்த ஒலகத்திலேயே இல்லம்மா. எனக்கே எத்தன தடவ பட்டிருக்கு! அடுத்த மாசம் பரீட்ச. பட்டிய எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

"தாய்மாருக்கு வாக்குக் குடுத்திருக்கேன் சேர். அவங்க கேள்விப்பட முந்தி நானே சொல்லிட்டேன். வகுப்பு இல்லன்னு புள்ளைங்ககிட்டயும் சொல்லியாச்சி." குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். "என் காலு எங்க நிக்கிதுன்னு எனக்கே தெரியாம போச்சி. அதக் கொண்டு போயி சின்னப் புள்ளைங்க முன்னால தூக்குவேனா?"

சேர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீயாச்சும் சொல்லேன் ஒன் அக்காவுக்கு."

நான் குனிந்து என் பட்டியை அவிழ்த்துக் கட்டினேன். மறுபடி அவிழ்த்துக் கட்டினேன். அக்கா என் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார். பதினொரு பிள்ளைகளின் வகுப்பு அதோடு போயிற்று.

நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். அந்தப் பெரிய வெள்ளிக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். ஃபாதர் கேட்டுவிட்டு, "என்னிடம் சொன்னது இருக்கட்டும், அந்தப் பிள்ளையிடம் போய்ச் சொல்லு" என்றார். பிறகு மூன்று அருள்நிறைந்த மரியே செபிக்கச் சொன்னார். மூன்றையும் அங்கேயே முழங்காலில் நின்று சொன்னேன். மற்றதை விட்டுவிட்டேன். லுணுகலைக்கு எத்தனை பஸ் போகிறது! ஒரு ஞாயிறு மழை, ஒரு ஞாயிறு சொந்தக்காரர் கல்யாணம், அப்புறம் என் கல்யாணம், அப்புறம் பிள்ளை. மனசு இருந்தால் மார்க்கம் உண்டு. எனக்கு மார்க்கம் இருந்தது, மனசுதான் இல்லை.

இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. போன தவணை எங்கள் பிள்ளைகளைக் கராத்தே போட்டிக்குக் கூட்டிப் போனேன். எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை ஒன்று, மூக்கிலிருந்து இரத்தம் ஒழுக விழுந்தது. எதிராளியை வெளியேற்ற நடுவர் கையைத் தூக்கிவிட்டார். அதற்குள் இந்தச் சின்னது எழுந்து நின்று, "அவங்க அடிக்கல சேர். எனக்குச் சும்மாவே மூக்குல ரத்தம் வரும்" என்றது. தோற்றுப்போய், மூக்கில் பஞ்சோடு என்னிடம் ஓடி வந்து, "டீச்சர், பசிக்குது" என்றது. அதற்கு ரொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு மண்டபத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அடுத்த ஞாயிறு லுணுகலை பஸ்ஸில் ஏறினேன்.

பிள்ளைக் காம்பராவுக்குப் புதிதாக மஞ்சள் வண்ணம் அடித்திருந்தார்கள். சரியான மழை. அக்கா பக்கத்து லயத்தில்தான் இருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னை முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும், "ஐயோ, என் தங்கச்சி!" என்று நனைந்த கையோடு என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும். நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கி ஒங்க காலு என் மேல படல. நின்னுச்சி. நான்தான் விழுந்து என் ஒதட்ட நானே கடிச்சிக்கிட்டேன். நடுவர் கேட்டப்ப பட்டிச்சின்னு பொய் சொன்னேன். ஜெயிக்கிறதுக்காகச் சொன்னேன்."

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரும், அழுகை வரும், வெளியே போ என்பார் என்றெல்லாம் பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தேன். அவர் சிரித்தார்.

"இதச் சொல்லவா இந்த மழையில வந்த? பைத்தியம்!"

"உண்மைக்கா."

"சும்மா இரு. எனக்குத் தெரியாதா?" வலது காலை முன்னால் வைத்து, புறங்காலில் ஒரு இடத்தை விரலால் காட்டினார். "அன்னைக்கி தெரியலன்னுதான் சொன்னேன். அப்புறம் யோசிச்சி யோசிச்சிப் பார்த்தேன், தெரிஞ்சிது. இந்தா, இங்கதான் ஒன் பல்லு பட்டிச்சி. குளிர் காலத்துல இப்பவும் இந்த எடம் சுருக்குன்னு இழுக்கும்."

"இல்லக்கா! மாதா மேல சத்தியமா படலக்கா!"

அக்காவின் சிரிப்பு நின்றது. அவசரமாக என் வாயைப் பொத்தினார். "மாதா மேல எல்லாம் சத்தியம் பண்ணாத தங்கச்சி. எனக்கு மனசு ஆறணும்னு நீ பாவத்தத் தேடிக்காத. நீ அன்னைக்கும் இப்படித்தான், வாயெல்லாம் ரத்தத்தோட எனக்கு ஆறுதல் சொன்ன புள்ள."

நான் மறுபடி மறுபடி சொன்னேன். நகம் தெரிந்ததைச் சொன்னேன், மூலை நடுவர் கையசைத்ததைச் சொன்னேன், அப்பா சொன்னதைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று தலையை ஆட்டிக்கொண்டு பிளேன்டீ ஊற்றினார். அழுகிற குழந்தையைத் தேற்றுகிற தலையாட்டல் அது. அதைத் தாண்டி உள்ளே போக எனக்கு வழி தெரியவில்லை.

உள்ளிருந்து ஒரு பெண்பிள்ளை எட்டிப் பார்த்தது. பன்னிரண்டு வயதிருக்கும். நல்ல நீளமான கால்கள்.

"என் தம்பி மக. இதுக்கும் கராத்தே வேணுமாம். ஸ்கூல்ல சொல்லிக் குடுக்குறாங்களாம், ரெண்டு மாசமா நச்சரிப்பு" என்றார் அக்கா. "நான் விடல. ஆள அடிச்ச காலு, நம்ம ரத்தத்துல இருக்கு. எதுக்கு வீண் வம்பு?"

"பழக விடுங்கக்கா. தயவுசெஞ்சி அதையாவது விடுங்க" என்றேன்.

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. அந்தப் பிள்ளையைக் கைபிடித்து என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"நான் சொல்லுவேனே, மூஞ்சில ஒதைச்சும் ஒரு வார்த்த திட்டாத அக்கா ஒருத்தங்கன்னு? இவங்கதான். மனுசின்னா இப்படி இருக்கணும். கால்ல விழுந்து கும்புட்டுக்க."

வேண்டாம் என்றேன். அந்தப் பிள்ளை குனிந்தது. நான் பின்னால் நகர்வதற்குள் அதன் இரண்டு கைகளும் என் காலில் பட்டுவிட்டன.